கெட்டிமேளம் கேக்குற எடத்துல நில்லு, மாப்ள

மாப்ள, ஒன் வீரத்த நெனச்சா எனக்குப் புல்லரிக்குது. மத்தவனா இருந்தா, நம்ம வெதக் கடைக்காரரு வெப்சைட்டோட அடியில ஒரு வரி சேக்கணும்னா நாலு பேருகிட்ட கேப்பான், ரெண்டு நாளு யோசிப்பான். நீ யோசிக்கவே இல்ல. நேரா அந்த வெப்சைட்ட ஓட்டுற வேர்ட்பிரஸ்காரன் எழுதி வச்ச ஃபைலத் தொறந்த, நடுவுல ஒன் வரியச் சொருவுன, மூடுன, டீக்கடைக்குப் போயிட்ட. களமருதூர்ல பொறந்தவன் கை வச்சா சும்மாவா! உளுந்தூர்பேட்ட வரைக்கும் ஒன் பேச்சிதான்.

அப்புடியே செய்யி. யாரு தடுத்தாலும் கேக்காத. அடுத்தவன் ஃபைல்ல நேரடியா கை வைக்கிறதுல எம்மாம் நன்மை இருக்குன்னு மாமன் சொல்றன், எண்ணிக்க.

மொதல் நன்மை, தடயம் இருக்காது. 2013 அக்டோபர்ல வந்த 3.7 பதிப்புலேருந்து வேர்ட்பிரஸ் சின்னச் சின்ன அப்டேட்டயெல்லாம் ஒன்னக் கேக்காமயே போட்டுக்கும். பாதுகாப்புக்குன்னு செஞ்ச ஏற்பாடு அது. நீ கை வச்ச ஃபைலுக்கு அதுல புதுசு ஒண்ணு இருந்துதுன்னா, பழசு போயி அந்த எடத்துல புதுசு உக்காந்துக்கும். விடிஞ்சி பாத்தா ஒன் வரியும் இருக்காது, நீ வந்துபோன அடையாளமும் இருக்காது.

ரெண்டாவது நன்மை, உறவு வளரும். நீ வெப்சைட்டோட தோற்றத்தப் பாத்துக்கிற தீமோட ஃபைல்ல கை வைக்கிற. தீமுக்கு அப்டேட் வருது, அந்த ஃபோல்டரே மொத்தமா மாறுது. வெதக் கடைக்காரரு ஒனக்குப் போன் போடுறாரு. நீ மறுபடியும் சொருவுற. அடுத்த அப்டேட்டுக்கு மறுபடியும் போன். பொண்ணு குடுத்த சம்பந்திகூட ஒங்கிட்ட இம்மாம் பேச மாட்டாரு.

மூணாவது நன்மைதான் பெருசு. இந்தத் தொல்லையே வேணாம்னு நீ அப்டேட்டயே நிறுத்திப்புடுவ. ஒன் வரி பத்தரமா இருக்கும். அடைக்காம வுட்ட ஓட்ட வழியா எவனோ வெளியூரு ஆளு உள்ள பூந்து, வெத நெல்லு விக்கிற பக்கத்துல சூதாட்ட வெளம்பரம் ஒட்டிட்டுப் போவான். கடைக்காரருக்கு ஒரே செலவுல ரெண்டு யாவாரம்.

வேற வழி எதாச்சும் இருக்கா மாமான்னு நீ கேக்க மாட்ட, படிச்சவன். திண்ணையில உக்காந்திருக்கிறவனுக்குப் பொழுது போவணுமே, அதுக்கோசரம் நானே சொல்றன்.

வேர்ட்பிரஸ் வானத்துலேருந்து குதிச்சது இல்ல. மிஷெல் வால்ட்ரிகின்னு ஒருத்தரு பி2ன்னு வலைப்பதிவு மென்பொருள் ஒண்ணு எழுதி வச்சிருந்தாரு. அது கேப்பாரு இல்லாம கெடந்தப்ப, அமெரிக்காவுல இருந்த மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்துல இருந்த மைக் லிட்டிலும் அத எடுத்து, 2003 மே 27-ல வேர்ட்பிரஸ்னு மொதப் பதிப்ப வெளிய வுட்டாங்க. அப்புடி எடுத்துக்க முடிஞ்சதுக்குக் காரணம், பி2 யாரு வேணும்னாலும் எடுத்து மாத்திக்கலாம்ங்கிற ஜிபிஎல் உரிமத்துல இருந்திச்சி. வேர்ட்பிரஸும் அதே உரிமம்தான். அதனால நீ எந்த ஃபைலத் தொறந்து எந்த வரிய மாத்துனாலும் ஒம்மேல கேசு கெடையாது. சட்டம் வேணாங்கல மாப்ள, புத்திதான் வேணாங்குது.

மொத வருசத்துல எல்லாரும் ஒன்ன மாரிதான் ஃபைலத் தொறந்து வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. புதுப் பதிப்பு வந்தா மறுபடியும் வெட்டு, மறுபடியும் ஒட்டு. 2004 மே மாசம் 1.2 பதிப்பு வந்திச்சி. ஜாஸ் வாத்தியக்காரங்க பேரத்தான் பதிப்புக்கு வைப்பாங்க. இதுக்கு மிங்கஸ்னு வச்சாங்க. அதுலதான் தனியாச் சேத்துக்கிற ப்ளகின் வந்திச்சி, கூடவே ஹூக்கும் வந்திச்சி. அன்னிக்கி ஆரம்பிச்சது, இன்னிக்கி வேர்ட்பிரஸ் ஓடுற வழியில ஆயிரத்துக்கு மேல எடத்துல நின்னு, ‘இந்த எடத்துல யாருக்காச்சும் வேல இருக்கா?’ன்னு கொரல் குடுத்துட்டுத்தான் அடுத்த அடி வைக்கிது. நீ பொறக்குறதுக்கு முன்னாடியோ பொறந்த ஒடனேயோ ஒனக்கோசரம் போட ஆரம்பிச்ச கொரலு. அந்தக் கொரலுதான் ஹூக்கு. நீதான் காதுல இயர்போன மாட்டிக்கிட்டு இருக்க.

வெளங்கலயா? போன வைகாசியில ஒங்க அக்கா கல்யாணத்துல வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு ஓடுனியே, அங்கயே கத்துக்கிட்டிருக்கலாம்.

தாலி கட்டுற நேரத்துல மணமேடையிலேருந்து ஒருத்தரு கைய ஆட்டி, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”னு சத்தம் போடுவாரு. அவரு போட்டது ஒரு சத்தம். அதுக்கப்பறம் நடக்குறதப் பாரு. மேளக்காரரு வேகம் புடிக்கிறாரு. ஜனம் அரிசியப் போடுது. போட்டோக்காரரு மேடையில ஏறி எல்லாருக்கும் முதுகக் காட்டுறாரு. பின்னால சமையல்காரரு பந்திக்கு எல போடச் சொல்றாரு. சத்தம் போட்டவருக்கு இந்த ஆளுங்க எத்தன பேருன்னும் தெரியாது, என்ன செய்யப் போறாங்கன்னும் தெரியாது. புதுசா ட்ரோன் காமிராக்காரன் ஒருத்தன் வந்தான்னு வையி, அவனுக்கோசரம் மந்தரத்த மாத்திச் சொல்லணுமா? அவனும் அதே சத்தத்துக்குக் காத தீட்டிக்கிட்டு நிக்கிறான், அவ்வளவுதான். ஒருத்தரும் வரலன்னாலும் சத்தம் காத்துல போவும், கல்யாணம் நிக்காது.

அந்தச் சத்தத்துக்கு வேர்ட்பிரஸ்ல டூ ஆக்‌ஷன்னு பேரு. அந்தச் சத்தம் கேட்டா நான் இன்ன வேலய செய்யிறன்னு முன்கூட்டியே சொல்லி வச்சிக்கிறது ஆட் ஆக்‌ஷன். வெதக் கடைக்காரரு பக்கத்தோட அடியில ஒரு வரி வேணுமா? டபிள்யூபி ஃபுட்டர்னு ஒரு சத்தம் ஒவ்வொரு பக்கத்தோட முடிவுலயும் வருது. அதுக்கு ஒன் வேலயக் கட்டி ஒரு சின்ன ப்ளகின்ல போட்டு வச்சா, அப்டேட் வரட்டும், தீமே மாறட்டும், ஒன் வரி அங்கதான் நிக்கும். ஆனா தீம் எழுதுனவன் அந்தச் சத்தத்தப் போட மறந்திருந்தா நீ காத்துக்கிட்டே நிக்க வேண்டியதுதான். தெருவுல வாங்குன ஓசித் தீமுல அட்மின் பட்ட காணாமப் போனா, ப்ளகின் ஒண்ணு செத்துக் கெடந்தா, மொதல்ல அங்க பாரு.

ஒரே சத்தத்துக்குப் பத்துப் பேரு ஓடி வந்தா யாரு முன்ன? அதுக்கு நம்பரு இருக்கு. நீ ஒண்ணும் சொல்லலன்னா ஒனக்கு 10. சின்ன நம்பர்க்காரன் மொதல்ல, பெரிய நம்பர்க்காரன் பின்னால. ஒரே நம்பருன்னா மொதல்ல பேரு குடுத்தவன் மொதல்ல. தாய்மாமன் சீரு முடிஞ்சிதான் மத்தவன் வரிசைன்னு நம்மூர்ல யாரும் சண்ட போடுறது இல்ல பாரு, அது மாரி. ஒன்ன மாரி பிள்ளைவோ என்ன செய்யிதுவோ? வேல சரியா நடக்கல, ஒடனே 9999-ன்னு போடு. பக்கத்துல ஒருத்தன் அதப் பாத்துட்டு 99999-ன்னு போடுவான். யாருக்குப் பின்னால நிக்கணும்னு தெரிஞ்சவன் 11 போட்டாலே போதும் மாப்ள.

ஹூக்குல இன்னொரு வகை இருக்கு, ஃபில்டருன்னு. தாலியத் தட்டுல வச்சி சபையில சுத்திக் கொண்டாருவாங்களே, அது. ஒவ்வொருத்தரும் தொட்டுக் கும்புட்டு அடுத்தவன்கிட்ட குடுக்கணும். பூவு வைக்கணும்னா வையி, மஞ்சத் தடவணும்னா தடவு, ஆனா தட்டத் திருப்பிக் குடு. பக்கத்துல வர்ற கட்டுரையும் தி கன்டென்ட்டுங்கிற ஃபில்டர் வழியா இப்புடித்தான் கை மாறிக் கை மாறி வருது. நீ போன தடவ என்ன செஞ்ச? தட்ட வாங்குன, பூவு வச்ச, அழகு பாத்த, ரிட்டன் போடல. மேடையில மாப்ள காத்துக்கிட்டு நிக்கிறான், தாலியக் காணும். கட்டுர இருக்க வேண்டிய எடம் வெள்ளையாக் கெடந்துதே, அதுக்கு நீ சர்வரத் திட்டுன, நெட்டத் திட்டுன, மின்சார வாரியத்தக்கூட திட்டுன. சபையில தட்ட மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தவன் நீதான்.

ஒரு ரகசியம் சொல்றன். வேர்ட்பிரஸோட ஃபைல்ல ஆட் ஆக்‌ஷனத் தொறந்து பாத்தா, அது உள்ளாற ஆட் ஃபில்டரத்தான் கூப்புடுது. ரெண்டும் ஒரே கட்டு. ஆக்‌ஷன்ல நீ குடுக்குறதத் திருப்பி வாங்க ஆளு இல்ல. ஃபில்டர்ல வாங்கக் காத்துக்கிட்டு இருக்கான். வித்தியாசம் அதான். தொறந்து பாக்குறதுல தப்பு இல்ல மாப்ள. பாக்கத்தான் தொறக்கணும்.

கத்துக்க பெரிய பொஸ்தவம் வேணாம். வேர்ட்பிரஸ் கூடவே ரொம்ப வருசமா ஹலோ டாலின்னு ஒரு குட்டி ப்ளகின் வந்துக்கிட்டு இருந்திச்சி, பாத்திருப்ப. பாக்காமயே அழிச்சிருப்ப. லூயி ஆம்ஸ்ட்ராங் பாடுன பாட்டுலேருந்து ஒரு வரிய எடுத்து அட்மின் பக்கத்து மூலையில காட்டும். வேற ஒரு வேலயும் செய்யாது. முல்லன்வெக்கே எழுதுனது. ஒரே ஃபைல். அதுல ரெண்டு ஆட் ஆக்‌ஷன்: ஒண்ணு அட்மின் நோட்டிசஸ்ங்கிற சத்தத்துக்குப் பாட்டு வரியக் காட்டுது, இன்னொண்ணு அட்மின் ஹெட்டுங்கிற சத்தத்துக்கு அதோட அலங்காரத்தப் போடுது. ஒண்ணுக்கும் ஒதவாதுன்னு நீ நெனச்ச ப்ளகின்தான் மொத்தப் பாடத்தையும் ஒரே பக்கத்துல எழுதி வச்சிருக்கு. தமிழ்லதான் படிப்பன்னு அடம் புடிச்சா, 2012-லேருந்து கணியம்னு ஒரு கட்டற்ற மென்பொருள் இதழ் வந்துக்கிட்டு இருக்கு. அங்கயும் போ. போனோட போயி ரீல்ஸ் பாக்காத.

இப்ப தமிழ்ல எழுதுறவனுக்குன்னே உள்ள வேதனைக்கி வர்றன். இங்கிலீசுக்காரன் சொல்லிக் குடுத்ததுல இது இருக்காது.

நீ ஊருச் சேதி போடுற பக்கத்துக்கு, ‘களமருதூர் ஏரி தூர்வாரும் பணி தொடங்கியது’ன்னு தலைப்பு குடுக்குறன்னு வச்சிக்க. வேர்ட்பிரஸ் அந்தத் தலைப்புலேருந்து பக்கத்தோட முகவரியத் தானே செய்யிது. அந்த முகவரிக்கி உள்ள எடம் 200 எழுத்து. எம்மாம் பெருசுன்னு நெனைக்கிற இல்ல? தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8-ல மூணு பைட்டு. முகவரியில ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட சேந்து மூணு எழுத்தா நிக்கும். ஆவ மொத்தம் ஒரு குறிக்கு 9 எடம். அதுவும் கொம்பு தனி, கொக்கி தனி, புள்ளி தனி. ‘களமருதூர்’ல இப்புடி 9 குறி இருக்கு, ஊரு பேரு ஒண்ணே 81 எடத்த முழுங்கிடும். ‘ஏரி’க்கி 27. ‘தூர்வாரும்’ 90. எடவெளி ரெண்டு. கூட்டிப் பாரு, சரியா 200. ‘பணி தொடங்கியது’ தெருவுல நிக்கிது.

மூணு மாசம் கழிச்சி, ‘களமருதூர் ஏரி தூர்வாரும் பணி நின்றது’ன்னு நீ எழுதுவ, கட்டாயம் எழுதுவ. அதுக்கும் அதே முகவரிதான் வரும். ஏற்கெனவே ஒண்ணு இருக்கேன்னு வேர்ட்பிரஸ் கடைசியில கோடு போட்டு 2-ன்னு சேக்கும். சேக்க எடம் வேணுமே, அதுக்காவ கடைசிக் குறிய வெட்டும். கடைசிக் குறி எது? ‘ம்’மோட புள்ளி. ‘தூர்வாரும-2’ன்னு ஆயிடும். வேல தொடங்குனதுக்கும் நின்னதுக்கும் வித்தியாசம் ஒரு புள்ளின்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு, காண்ட்ராக்டருக்குத் தெரியாதா!

இதச் சரி பண்ணறன்னு நீ என்ன செஞ்ச? சேவ் போஸ்ட்னு ஒரு சத்தம் இருக்கு. ஒரு பதிவச் சேமிச்சி முடிச்சதும் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் ஒன் ஆளு ஓடிப்போயி முகவரிய மாத்தி, பதிவ மறுபடியும் சேமிச்சான். சேமிச்சா என்ன ஆவும்? சேவ் போஸ்ட் சத்தம் வரும். வந்தா ஒன் ஆளு மறுபடியும் ஓடுவான். மறுபடியும் சேமிப்பான். தாலி கட்டுனதும் ‘கெட்டிமேளம்’னு கத்துறான், கெட்டிமேளம் கேட்டதும் இன்னொரு தாலி கட்டுறான். சர்வரு மூச்சி வாங்கி வுழுந்துது. பொண்ணு வீட்டுக்காரன் சும்மா வுடுவானா?

சேவ் போஸ்ட்லதான் செய்வன்னு புடிவாதமா இருந்தா, மறுபடியும் சேமிக்கிறதுக்கு முன்னால ரிமூவ் ஆக்‌ஷன் போட்டு ஒன் ஆள வெளிய அனுப்பு, சேமி, அப்பறம் உள்ள கூப்புடு. ஆனா நல்ல வழி வேற. சேமிக்கிறதுக்கு முன்னாடியே டபிள்யூபி இன்சர்ட் போஸ்ட் டேட்டான்னு ஒரு ஃபில்டர் வருது. தட்டு ஒன் கைக்கி வரும்போதே முகவரிய மாத்தித் திருப்பிக் குடுத்துட்டா, ரெண்டாவது தடவ சேமிக்கிற பேச்சே இல்ல. தேதியையும் ஒரு சின்ன இங்கிலீசுச் சொல்லையும் வச்சி முகவரி குடு, வாட்சப்புல அனுப்புனாலும் அழகா நிக்கும். மூணே எச்சரிக்க. அதே முகவரி வேற பதிவுக்கு இருக்கான்னு அந்த எடத்துல நீதான் பாத்துக்கணும். ஏற்கெனவே வெளியான பதிவோட முகவரியில கை வைக்காத, ஊரெல்லாம் பகிர்ந்த தொடுப்பு செத்துப் போனாலும் போவும். தட்டத் திருப்பிக் குடு. ஒனக்கு இதத் தனியா சொல்லணும்.

பதிவுச் சுருக்கத்தோட நீளமும் அப்புடித்தான். வேர்ட்பிரஸ் ஒரு பதிவோட சுருக்கத்துக்கு 55 சொல்லு எடுக்கும். இங்கிலீசுல அது நாலு வரி. தமிழ்ல நாம ஒரு சொல்லுலயே ஒரு வாக்கியத்த அடக்குறவங்க, 55 சொல்லுன்னா பாதிக் கதையே வெளிய வந்துடும். எக்செர்ப்ட் லெங்த்துன்னு ஒரு ஃபில்டர். 25-ன்னு திருப்பிக் குடுத்தா முடிஞ்சிது வேல. ரெண்டு வரி. இதுக்கு நீ சென்னையில ஒருத்தருக்குப் பணம் குடுத்தியாம், கேள்விப்பட்டன்.

அடுத்தது நம்ம மாவட்டம். நான் இதே திண்ணையில உக்காந்துக்கிட்டே மூணு மாவட்டத்துல குடியிருந்துட்டன் மாப்ள. மொதல்ல தென்னாற்காடு. 1993 செப்டம்பர் 30-ல விழுப்புரம். 2019 நவம்பர் 26-ல கள்ளக்குறிச்சி. திண்ண நகரல, நானும் நகரல, முகவரி மட்டும் ஊர் சுத்திட்டு வந்திச்சி. 2019-க்கு முந்தி எழுதுன பதிவுலயெல்லாம் ‘விழுப்புரம் மாவட்டம்’னு கெடக்கும் இல்ல? அத ஒவ்வொண்ணாத் திருத்த ஒனக்கு உடம்பு வளையாது. தி கன்டென்ட் ஃபில்டர்ல, காட்டும்போது மட்டும் ‘விழுப்புரம்’ங்கிறத ‘கள்ளக்குறிச்சி’ன்னு மாத்திக் காட்டுன்னு சொல்லிட்டா, சேமிச்சி வச்சது அப்புடியே இருக்கும், படிக்கிறவன் கண்ணுக்கு மட்டும் புதுசு தெரியும். பிடிக்கலன்னா ப்ளகின நிறுத்து, பழசு திரும்பிடும். ஹூக்கோட பெரும அதான்: செஞ்சதத் திருப்பிக்கலாம்.

ஆனா கண்ண மூடிக்கிட்டு மாத்துனன்னு வையி, ‘1993-ல் விழுப்புரம் மாவட்டம் உருவானது’ங்கிற பதிவு ‘1993-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானது’ன்னு ஆயிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ள அதப் பாத்து எழுதும், மார்க்கு போவும், அவங்க அப்பன் ஒன்னத் தேடி வருவான். மேற்க கல்வராயன் மலையில அருவி பாக்கப் போவ வழி கேக்குறவனுக்கு மாவட்டம் மாறுனது தெரியணும். வரலாறு படிக்கிறவனுக்கு மாறாதது தெரியணும். முகவரி வர்ற பதிவுல மட்டும் மாத்து. அந்தப் பதிவு எந்த வகைன்னு பாத்துட்டு மாத்தவும் அதே ஃபில்டர்லயே எடம் இருக்கு. ஃபில்டருக்கு அறிவு கெடையாது. ஒங்கிட்ட இருக்குறதத்தான் அது கடன் வாங்கும். பாத்துக் குடு.

மிச்சப் பள்ளத்தயெல்லாம் ஓட்டமாச் சொல்லிட்டுப் போறன். அட்மின் இனிட்னு ஒரு சத்தம் இருக்கு. பேரப் பாத்து, அட்மின் மட்டும்தான் அங்க வருவான்னு நம்பாத. உள்ள நுழையாத வெளியாளு அட்மின் ஏஜாக்ஸ் வழியா தட்டுனாலும் அந்தச் சத்தம் வரும். வந்தவனுக்கு அதிகாரம் இருக்கான்னு கரன்ட் யூசர் கேன் போட்டுக் கேட்டுட்டுத்தான் பொட்டியத் தொறக்கணும். பேர நம்பிப் பொட்டியத் தொறந்த ப்ளகின் எத்தனயோ ஒலகத்துல.

அடுத்தவன் நிறுத்தி வச்ச ஆள வெளிய அனுப்பணும்னா அவன் பேரும் சரியா இருக்கணும், அவன் நின்ன நம்பரும் சரியா இருக்கணும். அவன் வந்து நின்னப்பறம்தான் அனுப்ப முடியும். சைல்டு தீமோட ஃபங்ஷன்ஸ் ஃபைல் தாய்த் தீமோட ஃபைலுக்கு முன்னால ஓடும். வராதவன அங்க நின்னுக்கிட்டு ‘வெளிய போ’ன்னா யாரு போவா? ஆஃப்டர் செட்டப் தீம் சத்தம் வர்ற வரைக்கும் பொறு. அதே மாரி நீயும் பேரில்லாத ஃபங்ஷனக் கட்டி வுட்டுட்டுப் போவாத. நாளைக்கி வர்றவன் அத எடுக்க நெனச்சா எந்தப் பேரச் சொல்லிக் கூப்புடுவான்? பேரு வச்சா ஒன் முன்னெழுத்தச் சேத்து வை. வெறுமன ‘காட்டு’ன்னு வச்சா, இன்னொரு ப்ளகின்காரனும் ‘காட்டு’ன்னு வச்சிருப்பான், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்தா பக்கமே நின்னுபோவும். 2019 மே மாசம் வந்த 5.2 பதிப்புலேருந்து அப்புடி நின்னா அட்மினுக்கு ஒரு மெயில் போவும், மீட்டெடுக்க வழியோட. அந்த மெயிலு யாருக்கு வருதுன்னு ஒரு தடவ பாத்து வை. வெதக் கடைக்காரருக்கு வந்துதுன்னா அவரு ஒனக்குத்தான் போன் போடுவாரு.

யாரு எந்தச் சத்தத்துக்கு நிக்கிறான்னே தெரியலன்னா, ஜான் பிளாக்பர்ன் எழுதுன குவெரி மானிட்டர்னு ஒரு ப்ளகின் இருக்கு. ஒரு பக்கம் வர்றதுக்குள்ள எந்தெந்தச் சத்தம் வந்திச்சி, யாரு யாரு எந்த நம்பர்ல ஓடி வந்தாங்கன்னு பட்டியல் போட்டுக் காட்டும். ஊர்ல எவன் யாருகூடப் பேசுறான்னு ஒங்க அத்தைக்கி எப்புடித் தெரியுதுன்னு கேட்டியே, அவளுக்கு ப்ளகின் தேவ இல்ல. ஒனக்குத் தேவ.

கடைசியா ஒண்ணு மாப்ள. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் அடுத்தவன் கூப்புட்ட எடத்துல போயி நிக்கிற பாடம். நீ ஒரு ப்ளகின் எழுதி விக்கிறியாமே, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து வெலப்பட்டியலக் காட்டுற மாரி. நல்லாத்தான் இருக்கு. அதுல நீ எத்தன எடத்துல டூ ஆக்‌ஷன் போட்டிருக்க, எண்ணிப் பாத்தியா?

வூகாமர்ஸ்ங்கிற ப்ளகினப் பாரு. 2011-ல வந்திச்சி, 2015-ல முல்லன்வெக்கோட ஆட்டோமாட்டிக் கம்பெனி அத வாங்குச்சி. கடைய ஓட்டுற சாமான்தான். ஆனா பொருளோட பேருக்கு முன்னால ஒரு கொரலு, பின்னால ஒரு கொரலு, கூடையில போடுற பொத்தானுக்கு முன்னால பின்னால ஒரு கொரலு, பணம் கட்டி நன்றி சொல்ற பக்கத்துல ஒரு கொரலுன்னு போட்டு வச்சிட்டான். சின்னசேலத்துல மரச்சிற்பம் விக்கிறவரு செதுக்குற நாளையும் சேத்துக் காட்டணும்னு கேட்டா, கூடைப் பொத்தானுக்கு மேல ரெண்டு வரி கட்டிக்கலாம். மலையிலேருந்து தேனும் கடுக்காயும் அனுப்புறவரு, லாரி எறங்குற நாளச் சொல்லிக்கலாம். இந்த ரெண்டு பேரும் வருவாங்கன்னு எழுதுனவனுக்குத் தெரியுமா? தெரியாமயே எடம் வுட்டான் பாரு, அதான் கை தேர்ந்தவன் வேல.

நீயும் வெலப்பட்டியலுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, வெல கெடைக்காத அன்னிக்கி ஒண்ணுன்னு மூணு எடத்துல கொரல் குடு. கூடவே என்னென்ன தகவல் குடுக்குறங்கிறத மேல எழுதி வை. எத்தன தகவல் வருதுன்னு தெரியாம ஆளு நின்னா, மூணு கேட்டவனுக்கு ஒண்ணு குடுத்து பிஎச்பி பக்கத்தையே சாய்க்கும். வச்ச பேர மாத்தாத. மாத்தித்தான் ஆவணும்னா, 2016-ல வந்த 4.6-லேருந்து டூ ஆக்‌ஷன் டெப்ரிகேட்டட்னு ஒண்ணு இருக்கு; பழைய பேரச் சொல்லியும் கூப்புடும், ‘இனிமே புதுப் பேருக்கு வந்து நில்லு’ன்னும் சொல்லும். ஏன்னா ஒன் கொரல நம்பி எவனோ ஒருத்தன் எங்கயோ நிக்கிறான். அவன் யாருன்னு ஒனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். தெரிஞ்சா நீ அவன்கிட்ட கைமாத்து கேப்ப.